உட்கார்ந்த வண்டி

குமாசியில் புழுதிக்காற்று காலை வெயிலை மங்கலாக்கியிருக்கிறது. முற்றத்தில் ஒரு கறுப்புச் சொகுசுக் கார், முன்காலை மடக்கிய மாடு மாதிரி ஒரு பக்கம் சரிந்து கிடக்கிறது. சக்கரத்துக்கு மேலே வண்டியைத் தூக்கிப் பிடிக்கும் காற்றுப்பையில் ஓட்டை. மெக்கானிக்கைக் கூப்பிட்டால் கூலி கொடுக்கக் காசில்லாதது தெரிந்து ஊர் சிரிக்கும் என்று, பேங்க் மேனேஜர் உத்தியோகம் போன அஜெய் தானே ஜாக்கி வைத்து, அடியில் புகுந்து, சைக்கிள் டியூப் துண்டை ஒட்டுகிறார். கால்கள் மட்டும் வெளியே நீட்டியிருக்கின்றன. இன்று மகள் செர்வாவைப் பெண் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் ஊர் வழக்கப்படி மதுவோடு கதவு தட்ட வருகிறார்கள்; அதற்குள் வண்டி நிமிர்ந்து நிற்க வேண்டுமாம். “கட்டிக் குடுக்கப்போறது பொண்ணையா, காரையா?” என்கிறாள் மனைவி ஆபினா. “பசை காயட்டும், சும்மா இரு.” அதற்குள் கேட் கிறீச்சிடுகிறது. கூடையில் மதுப்புட்டிகளோடு வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டுக்காகப் பேச வந்த பெரியவர் கால்களைப் பார்த்துக் குனிகிறார். “மேஸ்திரி, ஐயா இருக்காரா?” அடியில் ஸ்பேனர் சத்தம் நிற்கிறது. பிறகு ஆபினாவுக்கே பழக்கமில்லாத ஒரு குரல்: “ஐயா வெளியூர் போயிருக்காருங்க.” அவள் வந்தவர்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கிறாள். “அப்பா இல்லாத நேரத்துல கதவு தட்டுறது முறையில்லம்மா. இன்னொரு நாள் பார்க்கலாம்” என்கிறார் பெரியவர். வெளியே எடுத்த புட்டிகள் கூடைக்குள் திரும்புகின்றன. போகிறபோது பெரியவர், “பாவம், அந்த மெக்கானிக்குக்கும் ஒரு வாய் தண்ணி குடுங்க” என்கிறார். ஆபினா மண்டியிட்டு கிளாஸை நீட்டுகிறாள். கல்யாண மோதிரம் போட்ட, கிரீஸ் அப்பிய கை வெளியே வந்து அதை வாங்கிக்கொள்கிறது.

“ரொம்ப நன்றிங்கம்மா.”