சோடாக்காரர் பெட்டி

சவப்பெட்டியைத் தோளில் ஏற்றும்போது குழந்தைவேலுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதிர்ப்பக்கம் பிடித்திருந்த இருளப்பன் கண்ணை உருட்டி அதட்டினான். வாசலில் நின்ற ஜப்பான் சிப்பாய் தொப்பியைக் கழற்றி, பெட்டிக்குக் குனிந்து மரியாதை செய்தான்.

சிரிக்காமல் என்ன செய்வது? அவன் மரியாதை செய்தது ஒரு காஸ் சிலிண்டருக்கு!

குருண் ஊரில் சோடா போட்டு விற்றவர் பரஞ்சோதி. சண்டை வந்ததும் சிங்கப்பூரிலிருந்து சோடாவுக்கு அடைக்கும் காஸ் வருவது நின்றுபோனது. இருக்கிற சிலிண்டரையெல்லாம் ஒப்படைக்கச் சொல்லி ஜப்பான்காரன் உத்தரவு வேறு போட்டான். பரஞ்சோதியிடம் நிறை சிலிண்டர் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அதுவும் போனால் பிழைப்பே போச்சு.

அதைக் குழந்தையைப்போல் பார்த்துக்கொண்டார். வெயில் படாமல், நிமிர்த்தி, ஜன்னல் திறந்த அறையில்தான் வைப்பார். ஒழுகினால் வாசனையே வராது, தரையோடு தேங்கி ஆளை அடித்துவிடும் என்பார். வாஷர் தேய்ந்து, புதிது கிடைக்காமல், தோட்டத்து ரப்பரை வெட்டிப் போட்டிருந்தார்.

இதற்கிடையில் சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடிக்கும் பட்டியலில் அவர் பெயரும் ஏறிவிட்டது. குருணிலிருந்து போனவர்களில் ஒருவர்கூட இன்னும் திரும்பவில்லை.

"செத்தவன எந்தச் சப்பான்காரன் சயாமுக்குக் கூப்புடுவான்?" என்று கேட்டார் பரஞ்சோதி.

திட்டம் அவருடையதுதான். காய்ச்சலில் செத்ததாகச் சொல்வது. சோடாப் பெட்டிப் பலகையில் அவரே அடித்த சவப்பெட்டிக்குள் சிலிண்டர். ராத்திரியே சிலிண்டர் இருக்கும் ஸ்டோர் ஜன்னலில் வெளிச்சம் தெரியாதபடி சாக்கு அடித்து, பெட்டியைத் தயார் செய்துவிட்டு, விடிவதற்குள் ரப்பர்க் காட்டு வழியாகப் பாடாங் மேஹா தோட்டத்துக்குப் போய் ஒளிந்துகொள்வார். புதைத்ததைப் பிறகு தோண்டிக்கொள்ளலாம்.

விஷயம் தெரிந்தது இன்னும் மூன்று பேருக்கு: மனைவி மருதம்மாள், அவள் சித்தி மகன் குழந்தைவேலு, அவன் கூட்டாளி இருளப்பன்.

காலையில் இருவரும் வந்தபோது பெட்டி ஆணியடித்துக் கிடந்தது. மருதம்மாள் ஓடிவந்து தம்பியின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா போயிட்டாருடா கொழந்த! போயிட்டாருடா!"

அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. மனுஷன் நல்லபடியாகத் தப்பித்துவிட்டார்!

"சரிக்கா, புரியுது," என்று கண்ணைச் சிமிட்டினான். அவள் மேலே ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் சிப்பாய் வந்துவிட்டான். காய்ச்சல் என்றதும் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றான். பெட்டியைத் திறக்கச் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டுச் சின்னையா ஓரமாக நின்று துண்டில் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் திட்டத்தைச் சொல்லாமல் விட்டது குழந்தைவேலுவுக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

நாலு பேர் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். பாதி வழியில் குழந்தைவேலு முணுமுணுத்தான்.

"இருளப்பா, லேசா இல்ல?"

"பேசாம நட லா. நாலு பேரு தூக்குனா லேசாத்தான் இருக்கும்."

மாமா கடையில் எட்டு வருஷம் சிலிண்டர் சுமந்த தோள் குழந்தைவேலுவுடையது. உள்ளே காஸ் தண்ணீராய் அடைந்து கிடக்கும்; அழுத்தம் காட்டும் முள் கடைசிவரை ஒரே இடத்தில் நின்று ஏமாற்றும். கனம்தான் உண்மையைச் சொல்லும் என்று மாமா படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். இந்தக் கனம் சரியில்லை.

பெண்கள் இடுகாட்டுக்கு வரும் வழக்கமில்லை. மருதம்மாளோ தலைவிரி கோலமாகப் பின்னாலேயே ஓடிவந்தாள். பிடித்து நிறுத்தியவர்களையும் உதறிவிட்டு வந்தாள்.

"அக்கா ரொம்பத்தான் பண்ணுது," என்றான் இருளப்பன். குழந்தைவேலு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டான். அடக்கிய சிரிப்போடுதான் குழியில் ஒரு பிடி மண்ணும் போட்டான்.

குழி மூடியதும் சிப்பாய் போனான். ஊர்க்காரர்களும் குளிக்கப் போய்விட்டார்கள். மருதம்மாள் மட்டும் மண்மேட்டை விட்டு எழவில்லை.

குழந்தைவேலு பக்கத்தில் குந்தினான். "போதும்க்கா, எல்லாரும் போயாச்சு. பெட்டி ஏன் லேசா இருந்துச்சு? காஸு ஒழுகிருச்சா?"

"ஒழுகிருச்சுடா, ராத்திரி பூரா," என்றாள். குரல் கம்மிப் போயிருந்தது. "கதவு ஜன்னல் எல்லாத்தையும் அடச்சிக்கிட்டு, அலுப்புல அது பக்கத்துலயே கண்ண மூடிட்டாரு. காலையில நானும் சின்னையாண்ணனுந்தான் தூக்கி வச்சு ஆணி அடிச்சோம். சிலிண்டரு ஸ்டோர்லயே கெடக்கு."

குழந்தைவேலு ஈர மண்ணைப் பார்த்தான்.

"அப்ப... பெட்டிக்குள்ள?"

"மாமா போயிட்டாருன்னு காலையிலேயே சொன்னேனேடா!"