ஞாயிறு மதியத் தூக்கம்

இரவில் கண்ணை மூடினால் ஜெனோவா வேலைக்குப் போய்விடுவாள். நெற்றியில் கம்பெனி கொடுத்த கனவுப் பட்டையைக் கட்டிக்கொண்டு தூங்கினால் போதும், கனவுக்குள் அவளுடைய கடற்பாலம் தூண் தூணாக எழும்பும். தூத்துக்குடியில் பாதிப் பேருக்கு இப்போது உறக்கத்தில்தான் உத்தியோகம். பகலெல்லாம் வீட்டுக்குத்தான் என்று அவளுக்குப் பெருமை வேறு.

அந்த ஞாயிறு, பூசைக்குப் போய் வந்து, கறிக்குழம்பும் சோறும் சாப்பிட்டுப் பாயை விரித்தபோது செய்தி வந்தது. தலைமைப் பொறியாளர் பதவி அவளுக்குத்தான். ஞாயிறு மதியத் தூக்கத்தையும் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

"குட்டித் தூக்கந்தானே, போனாப் போகுது" என்று பட்டையை எடுத்தாள்.

பக்கத்தில் படுத்திருந்த கணவன் லிகோரி, சுற்றும் மின்விசிறியைப் பார்த்தபடி சொன்னான்: "ராத்திரியில கல்லு மாதிரி கெடப்ப. ஞாயித்துக்கெழம மட்டுந்தான் ஒறக்கத்துல எங்கூடப் பேசுவ."

"நானா? என்ன பேசுவேன்?"

"'வாங்க, போவோம்'னு சிரிப்ப. எங்கன்னு கேப்பேன். சொல்லுறதுக்குள்ள முழிச்சிருவ."

ஜன்னல் திரை உப்புக்காற்றில் பாய்மரம்போலப் புடைத்துத் தணிந்தது. எத்தனை ஞாயிறாக இந்த மனுஷன் பதிலுக்குக் காத்துக் கிடக்கிறானோ!

பதவி வேறு யாருக்கோ போகும். பாலத்துக்குத்தான் ராத்திரிகள் இருக்கின்றனவே.

பட்டையைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு அவன் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"இன்னைக்குக் கொஞ்சம் வெரசாக் கேளுங்க" என்று கண்ணை மூடினாள்.