முப்பத்தேழாம் நம்பர்

டாக்டர் கெடு வைத்தபடி சரியாக நாற்பத்தெட்டு மணி நேரத்தில் நர்ஸ் ராஜமேரி பட்டியலை நீட்டினாள். பென்னாகரம் காட்டோரத்து எட்டு ஊர்க் கர்ப்பிணிகளுக்கும் வயது, உயரம், வேலை பார்த்து ஆபத்து மார்க் போட்டிருந்தாள். அதிக மார்க் வாங்கியவளுக்குத்தான் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி வர இருக்கிற ஒரே ஜீப்.

கடைசி வரியில் டாக்டர் சின்னப்பன் அதிர்ந்தார்.

"முப்பத்தேழாம் நம்பர். வயசு முப்பத்தொன்பது, கல்யாணமாகிப் பதினாறு வருசம் கழிச்சுத் தலைச்சன், நாலரையடி உயரம், தினம் பத்து மைல் நடை! பத்துக்கு ஒன்பது மார்க்! பேரே எழுதலியேம்மா?"

ராஜமேரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சிரிக்கிறியா? இவளை இப்படி நடக்கவிடற படுபாவி யாரு?"

"நீங்கதானுங்க சார்."

"நானா?"

"எட்டு ஊரையும் நடந்தே பார்த்துட்டு வான்னு அனுப்பினீங்களே..." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அந்த முப்பத்தேழு நான்தானுங்க."