கடைசி இருக்கைப் பயணி

"மூட்டு வலி இருக்கிறவங்க பஸ்லயே உட்காரலாம். இங்க படி ரொம்பச் செங்குத்து" என்று மைக்கில் சொன்ன கைடு, கடைசி இருக்கையைப் பார்த்தார்.

கடைசி இருக்கைப் பெண்மணி செருப்பை மாட்டிக்கொண்டு முதல் ஆளாக எழுந்தாள்.

காலையிலிருந்தே இப்படித்தான். ஆற்றங்கரை நகரத்தையும் சுற்றுவட்டாரத்தையும் ஒரே நாளில் காட்டும் சுற்றுலா பஸ் அது. அருங்காட்சியகத்தில், "எல்லாம் பழைய பானை சட்டிதான்" என்று அவளை மட்டும் வாசலில் உட்காரச் சொன்னார் கைடு. அவள் எல்லா மாடியும் ஏறி இறங்கினாள். படகுத்துறையில், "தண்ணியப் பார்த்தா தலை சுத்தும்" என்றார். அவள் படகின் முனையில் போய் உட்கார்ந்து, ஆற்றுத் தண்ணீரைக் கையால் அளைந்துகொண்டே வந்தாள். அருவியில், "சளி பிடிக்கும்" என்றார். நன்றாக நனைந்துவிட்டு வந்து, அவர் முகத்துக்கு நேராகத் தலைமுடியை உதறினாள்.

கடைசி இடம், குன்றின் மேல் இருந்த பழைய காவல் கோபுரம். உச்சிக்குப் போனால் இரண்டு ஆறுகள் கலக்கும் இடம் தெரியும்.

கைடு படியில் குறுக்கே நின்றார். "சொன்னா கேளுங்க. பாதி வழியில உட்கார்ந்துட்டா யார் தூக்கிட்டு வர்றது?"

"நீங்கதான். டிக்கெட் வாங்கியிருக்கேன்ல, கைடு சார்?"

எல்லோரும் சிரித்தார்கள். கைடின் காது சிவந்துபோனது.

பக்கத்து இருக்கையில் வந்த பள்ளி ஆசிரியைக்குப் பொறுக்கவில்லை. "ஏன் சார், இவங்களை மட்டும் கரிச்சுக் கொட்டறீங்க? கொஞ்சம் வயசானா இளக்காரமா?"

கைடு ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு விலகி, விறுவிறுவென்று மேலே ஏறிப் போனார்.

"நீங்க வாங்கக்கா, நான் இருக்கேன்" என்று ஆசிரியை கையைப் பிடித்துக்கொண்டாள்.

பாதியில் அந்தப் பெண்மணிக்கு முழங்கால் சுரீரென்றது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெற்றியெல்லாம் வியர்வை.

"போதும்க்கா. இந்த ஜன்னல்லயே ஆறு தெரியுது."

"ஒரு ஆறுதான் தெரியுது. எனக்கு ரெண்டும் சேர்றதைப் பார்க்கணும்."

மேலேயிருந்து கைடின் குரல் கேட்டது. "இங்க காவல் இருந்தவனுக்கு எதிரி வர்றதும் தெரியும்..."

"பொண்டாட்டி சாப்பாடு கொண்டு வர்றதும் தெரியும்" என்று அவள் முணுமுணுத்தாள். அதையே கைடும் சொல்ல, மேலே சிரிப்பு வெடித்தது.

"அட! முன்னாடியே வந்திருக்கீங்களா?"

"வந்ததில்ல. கேட்டிருக்கேன்" என்றவள், பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த படியில் காலை வைத்தாள்.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. கீழே, செம்மண் நிறத்தில் ஓர் ஆறும் பச்சை நிறத்தில் ஓர் ஆறும் வந்து, கொஞ்ச தூரம் ஒட்டாமல் பக்கம் பக்கமாக ஓடி, அப்புறம் ஒன்றாகின. அவள் கண் கலங்கிவிட்டது.

கைடு மெல்ல வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "அந்தச் சிவப்பு ஆறு மலையிலேர்ந்து மண்ணைக் கரைச்சுட்டு வருது" என்றார், மைக் இல்லாமல், தணிந்த குரலில். "கால் வலிக்குதா?"

"வலிக்குது. வலிச்சா என்ன?"

புகார் போய்விடுமோ என்று மனுஷன் பயந்துவிட்டார் என ஆசிரியை நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் பஸ் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. இறங்கியதும் ஆசிரியை விடவில்லை. கைடு காதில் விழும்படியே சொன்னாள். "இந்த ஆள் மேல புகார் கொடுங்கக்கா. நான் சாட்சி சொல்றேன்."

"யார்கிட்டம்மா கொடுக்கறது? இவர் மேல புகார் சொன்னா கேட்டுக்க என் மாமியார்தான் இருந்தாங்க, அவங்களும் போய்ச் சேர்ந்துட்டாங்க" என்ற அவள், தலைகுனிந்து நின்ற கைடின் தோளில் தன் பையை மாட்டினாள். "ஊருக்கெல்லாம் சுத்திக் காட்டுறவரு, கல்யாணம் ஆன நாளா எனக்கு மட்டும் 'அடுத்த சீசன், அடுத்த சீசன்'னே சொல்லிட்டிருந்தாரு... அதான் நானே டிக்கெட் வாங்கிட்டேன்!"