கதவோரம்

படுத்த படுக்கையாகி ஒன்பது மாதமான கணவரைப் படத்திலாவது எழுந்து உட்கார வைக்க வனஜாவுக்கு மூன்று நாள் பிடித்தது. கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் புகைப்படங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றை வேகமாக ஓட்டினால் பொம்மைகூட அசையும் என்று யூடியூபில் யாரோ காட்டியிருந்தார்கள். முதல் நாள் செல்போன் இம்மி நகர்ந்துவிட, படத்தில் கட்டிலே துள்ளியது. மறுநாள் போனை பீரோ கைப்பிடியில் துணியால் இறுக்கிக் கட்டினாள். வெயில் வந்து வந்து போனதில் அவர் முகம் எரிந்து எரிந்து அணைந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டு டியூப்லைட்டைப் போட்டாள். மூன்றாம் நாள்தான் முக்கியமானது பிடிபட்டது: நகர்த்துகிற கை படத்தில் விழக் கூடாது. அவர் முதுகுக்கடியில் ஒரு துணி மடிப்பைச் செருகுவாள், கதவோரம் ஒதுங்கி நிற்பாள், போன் தானே சொடுக்கிக்கொள்ளும். மறுபடி ஒரு மடிப்பு. இப்படி நூற்றுப் பத்துப் படம்.

ஓட்டியபோது பத்து விநாடியில் அவர் தானாகவே எழுந்து சாய்ந்து உட்கார்ந்தார். வனஜாவுக்கு எதுவும் தோன்றவில்லை. ஒரு வார்த்தையும் எழுதாமல் வெளிநாட்டிலிருக்கும் மகள் சாருமதிக்கு அனுப்பிவிட்டு, மூத்திரப் பையை மாற்றப் போனாள்.

சாருமதி உடனே கூப்பிட்டாள். “அம்மா, அப்பா தானா எந்திரிச்சு உக்கார்றாரே! இப்பத்தான் எனக்கு உசுரே வந்துச்சு. அடுத்த வாரம் டிக்கெட் போட இருந்தேன். இனி அவசரமில்ல, லீவுக்கே வர்றேன்.”

“சரி.”

“ஆனா படம் முழுக்கக் கதவுப் பக்கமே பாத்துட்டிருக்காரே, அங்க யாரும்மா நிக்கிறா?”

வனஜா திரும்பினாள். அவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாருமில்ல” என்றாள்.