பழைய இடம்

அழித்தது எதுவும் உடனே காணாமல் போய்விடாது, குப்பைத்தொட்டியில்தான் கிடக்கும் என்று ஷாகிதா டீச்சர் சொன்னாள். பெண்களுக்கான கணினி வகுப்பில் அன்றைய பாடம் அது. திரையின் மூலையில் இருந்த தொட்டியைத் திறந்து, சற்று முன்பு எல்லோரும் அழித்திருந்த ரோஜாப்பூ படத்தைக் காட்டினாள்.

"வலதுபக்கம் அமுக்கி ரெஸ்டோர் குடுங்க. எங்க இருந்துச்சோ அங்கயே போயிரும்."

எல்லோரும் கொடுத்தார்கள். இசக்கியம்மாள் மட்டும் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். புருஷன் வீட்டை விட்டு வந்து அண்ணன் வீட்டில் இருப்பவள் அவள். வகுப்பு முடிந்ததும் அவளைத் திரும்பப் புருஷன் வீட்டிலேயே கொண்டுபோய் விடுவதற்காக அண்ணன் கீழே பைக்கோடு நின்றான். அவளுடைய துணிமணிகள் அடைத்த பை அதில் தொங்கியது.

"பழைய எடத்துக்கேதான் போவுமா டீச்சர்?"

"ஆமாக்கா. அதுக்குத் தெரிஞ்சது அந்த எடம்தான்."

"வேற எடத்துல வைக்க முடியாதா?"

பாடத்தில் இல்லாத கேள்வி. ஷாகிதா அவள் திரைக்கு அருகில் வந்தாள்.

"அப்ப ரெஸ்டோர் குடுக்காதீங்க. படத்தைப் புடிச்சு வெளிய இழுங்க. எங்க வைக்கணும்னு தெரியுற வரைக்கும் விரலை எடுத்துராதீங்க. எடுத்த எடத்துல விழுந்துரும்."

இசக்கியம்மாள் பிடித்து இழுத்தாள். தொட்டியின் விளிம்பைத் தாண்டிப் பூ வெளியே வந்தது. திரையில் காலி இடம் நிறைய இருந்தது. கீழே ஹார்ன் அடித்தது. மறுபடியும் அடித்தது. அவள் விரலை எடுக்கவில்லை.