அசைந்தால் எரியும்

திரையில் கணவருடைய அறை சாம்பல் நிறமானபோது, கூட்டத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

அவள் தட்டவில்லை.

திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொன்றும் பழைய கட்டடத்தின் ஓர் அறை. உள்ளே ஆள் அசைந்தால் விளக்கும் ஏசியும் ஓடும், கட்டம் மஞ்சளாக இருக்கும். ஐந்து நிமிடம் அசைவில்லை என்றால் எல்லாம் தானாக நின்று, கட்டம் சாம்பலாகிவிடும். மிச்சமான மின்சாரமும் குறைந்த கார்பனும் ஓரத்தில் எண்களாக ஏறும்.

கார்பனைப் பாதியாகக் குறைத்துக் காட்டுவோம் என்று ஊரறியச் சொல்லிவிட்ட பல்கலைக்கழகம், அதற்கென்றே வேலைக்கு எடுத்த பொறியாளர் அவள். இன்றைக்குத் துணைவேந்தர் தலையாட்டினால் இந்த ஏற்பாடு மற்ற கட்டடங்களுக்கும் போகும். இல்லாவிட்டால் கருவிகளோடு சேர்த்து அவளையும் கழற்றிவிடுவார்கள்.

ஆசிரியர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் ‘இருட்டு மேடம்’. கொஞ்சம் யோசித்தால் போதும், விளக்கு அணைந்துவிடுகிறது, நாற்காலியிலேயே நீச்சலடித்தால்தான் மறுபடி வெளிச்சம் வருகிறது என்று ஆளாளுக்குப் புலம்பல்.

அந்தப் பெயரை முதலில் வைத்ததே அவள் கணவர்தான். அங்கேயே கணித ஆசிரியர். இதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில், ஜன்னல் இல்லாத அறை.

ஆனால் அவர் உள்ளே இருக்கும்போது அந்த அறை விளக்கு மட்டும் இதுவரை ஒரு தடவைகூட அணைந்ததில்லை. உட்கார்ந்தால் காலை ஆட்டுவார். பேனாவைச் சுழற்றுவார். காற்றில் கணக்குப் போடுவார். தூக்கத்தில்கூட ஒரே இடத்தில் கிடக்கமாட்டார்.

“ரூமுக்கு வந்துட்டேன். நல்லா பேசு” என்று சற்று முன்புதான் செய்தி அனுப்பியிருந்தார்.

தண்ணீர் குடிக்க எழுந்து போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். வராந்தாவில் யாராவது பிடித்துக்கொண்டிருப்பார்கள். மேஜைக்கடியில் போனை வைத்து அவருக்கு அழைத்தாள். மணி முழுதாக அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தாள். மறுபடியும் ஓய்ந்தது.

போன மாதம் மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் அலட்சியமாகவும் இருக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னதில், முதல் பாதி மட்டும்தான் அவர் காதில் விழுந்தது. இரண்டாம் பாதி அவளோடு தங்கிவிட்டது.

ஆள் இல்லாத அறைக்கும், ஆள் அசையாத அறைக்கும் இந்தக் கருவிக்கு வித்தியாசம் தெரியாது. விளக்கக் கையேட்டில் அதை எழுதியவளே அவள்தான்.

பக்கத்து அறை ஆசிரியைக்குச் செய்தி அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. கதவு உள்ளே பூட்டியிருக்கிறது. கதவுக்கடியில் வெளிச்சம் தெரியவில்லை. தட்டியும் சத்தமில்லை.

அவள் எழுந்துவிட்டாள்.

“எங்கம்மா கிளம்பிட்டீங்க, முக்கியமான இடத்துல?” என்றார் துணைவேந்தர்.

எல்லா அறைகளையும் திறக்கும் பொதுச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். திரையில் இன்னொரு கட்டம் சாம்பலாகியிருக்க வேண்டும். பின்னால் கைதட்டல் கேட்டது.

இரண்டு லிஃப்டில் ஒன்றை மின்சாரம் மிச்சப்படுத்த அவளே நிறுத்தி வைத்திருந்தாள். மற்றது எங்கோ மேலே நின்றுகொண்டிருந்தது. படியேறினாள். செருப்பு ஒரு படியில் கழன்றது, விட்டுவிட்டாள். காலையில் கிளம்பும் அவசரத்தில் அவர் முகத்தைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை என்பது இரண்டாம் மாடியில் நினைவுக்கு வந்தது.

சாவி துவாரத்தில் நுழையாமல் வழுக்கியது. இன்னொரு கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு திருப்பினாள்.

கதவு திறந்ததும் விளக்கு எரிந்தது.

நாற்காலியில் சாய்ந்து, கால்களை நீட்டி, தலையைப் பின்னுக்குப் போட்டுக் கிடந்தார். ஒரு கை தொங்கிக்கொண்டிருந்தது. கண்கள் திறந்திருந்தன. இமைகூட அசையவில்லை.

உள்ளே ஓர் எட்டு வைத்தாள்.

அப்போது அவர் கண்ணை மட்டும் உருட்டி, ‘கீழே பார்’ என்பதுபோல் காட்டினார்.

அவர் போர்த்தியிருந்த துண்டுக்கடியில், நெஞ்சின்மேல், அவர்களுடைய ஐந்து மாதப் பெண் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். அப்பாவின் சட்டைக் காலரை ஒரு கை இறுகப் பிடித்திருந்தது. பிறந்ததிலிருந்து வெளிச்சத்தில் கண்மூட மாட்டேன் என்று அடம்பிடிப்பவள், இப்போது முகத்தைச் சுளித்தாள். சிணுங்கப்போகிறாள் என்று இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

சிணுங்கவில்லை.

அவள் சத்தமில்லாமல் கதவைச் சாத்தி, அதன்மேலேயே சாய்ந்து நின்றாள். கிட்டே போகவில்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக் கையைத் தூக்கவில்லை. அப்படியே, சிலைபோல, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒரு வழியாக விளக்கு அணைந்தது.

இருட்டுக்குள்ளிருந்து அவர் குரல், கிசுகிசுப்பாக வந்தது.

“நீ கிளம்பினதுமே பாப்பாவுக்கு உடம்பு நெருப்பா சுட்டுச்சு. ஹெல்த் சென்டர்ல காட்டி, மருந்து குடுத்துட்டு, நேரா இங்க தூக்கிட்டு வந்துட்டேன். சொன்னா நீ மீட்டிங்கை விட்டுட்டு ஓடி வந்துடுவேன்னுதான் சொல்லல. போன் சைலண்ட்ல மேஜைமேல கிடக்கு, எடுக்க அசைஞ்சா விளக்கு எரிஞ்சு முழிச்சுடுவா. இப்பதான் வேர்த்துது. என் சட்டை பூரா நனைஞ்சுபோச்சு.”